மேனேஜரின் அழுத்தாத கால்

இந்த வீட்டில் ஒன்பது வாரமாக இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, பூனை வழியாகத்தான் பேசுகிறார்கள் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இன்றுதான் பத்திரிகையைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அவர்களும் தாராளமாக உள்ளே வந்து உட்காரலாம். மேனேஜர் உட்காராத நாற்காலியாகப் பார்த்து உட்காரவும்.

மேனேஜர் என்பது பூனை. பெண் பூனைதான். தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் அச்சகத்துக்குள் நுழைந்து, மேசை மேசையாகப் பார்வையிட்டு, ஒரு வேலையும் செய்யாமல், எல்லோர் மேலும் அதிருப்தியோடு தூங்கப் போவதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பதவிக்கு உரிய மரியாதையை முன்னிட்டு வீட்டில் எல்லோரும் 'அவர்' என்றுதான் சொல்வார்கள். நாமும் வம்பு செய்யாமல் அப்படியே சொல்லிவிடுவோம்.

பேசாத இருவரில் முதலாமவர் அச்சகத்துக்காரர். வீட்டின் முன்னறைதான் அச்சகம். பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, அழைப்பிதழ். காதில் எப்போதும் தச்சர்கள் வைத்திருக்கும் தடிப் பென்சில் ஒன்று இருக்கும். பிழை திருத்தும்போது அதன் பின்பக்கத்தை மென்றுகொண்டே இருப்பார். பிழை அதிகமான நாளில் பென்சில் குறையும்.

இரண்டாமவர் அவருடைய கொழுந்தியாள், மனைவியின் தங்கை. பல் லேபில் வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவேலையால்தான். மாடியறையில் இருக்கிறாள்.

அச்சகத்துக்காரரின் மேல்வரிசை முன்பல் ஒன்று இயந்திரக் கைப்பிடியில் இடித்து உடைந்துபோனது மூன்று மாதத்துக்கு முந்தைய கதை. கொழுந்தியாள் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பல் செய்து கொடுத்தாள். முத்து மாதிரி, நூல் பிடித்தாற்போல் நேரான பல். அவர் கண்ணாடியில் பார்த்தார். வந்திருந்த விருந்தாளிகள் அத்தனை பேர் முன்னாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரோ பணக்காரனோட பல்லைக் கடன் வாங்கி மாட்டின மாதிரி இருக்கு" என்றார். அவருடைய அசல் பல் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஐம்பது வருடப் பழக்கம்.

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து பூனை வழிப் போக்குவரத்து. பல், மைப்பெட்டி மூடியில் இருக்கிறது. அவர் வாயை மூடியபடி சிரிக்கிறார்.

இனி இந்த ஞாயிற்றுக்கிழமை.

*

நாளை காலை எட்டு மணிக்கு மேனேஜருக்கு அறுவை சிகிச்சை.

வலது முன்னங்காலில் ஐந்து மாதமாக ஒரு வீக்கம். மாத்திரை கொடுத்தால் வடிகிறது, நிறுத்தினால் வருகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. விரல்களைப் பிரித்துப் பார்க்கலாம் என்று போன டாக்டரின் கட்டைவிரலில் மூன்று தையல். "கட்டின்னுதான் சந்தேகப்படுறேன்" என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். "மயக்கம் கொடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம். அனேகமா கால எடுக்க வேண்டியிருக்கும். மூணு காலோட நல்லா இருப்பாங்க, அதுல கவலை வேண்டாம்."

வேற்றூரில் வேலை பார்க்கும் அச்சகத்துக்காரரின் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மேனேஜரை நான்கு வாரக் குட்டியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவள் அவள். காலை எட்டரைக்குப் போன் செய்தாள். அச்சகத்துக்காரர், அவர் மனைவி, கொழுந்தியாள் மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றார்கள். மேனேஜர் போன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க. போறதுக்கு முன்னாடி அந்தக் கால் அச்சு வேணும். ஃப்ரேம் பண்ணி என் மேசையில வச்சுக்குவேன். அவருக்கு வலிக்கக் கூடாது. அவர் நக்கித் தொலைச்சு வயித்துக்கு எதுவும் ஆகக் கூடாது. ராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்."

"அச்சுதானே, ஆச்சு" என்றார்கள் மூன்று பேரும், ஒரே நேரத்தில்.

வினை இங்கேதான் தொடங்கியது. அச்சு என்பது ஒரே சொல். வீட்டில் தொழில் மூன்று. அச்சகத்துக்காரருக்கு அச்சு என்றால் காகிதத்தில் விழுவது. கொழுந்தியாளுக்கு வாயிலிருந்து குழிவாக எடுப்பது. அச்சகத்துக்காரரின் மனைவி நர்சரிப் பள்ளி ஆசிரியை. வீட்டிலும் எல்லோருக்கும் டீச்சர்தான். அவருக்கு அச்சு என்றால் குழந்தைகள் உள்ளங்கையை மாவில் பதித்து, பெயர் எழுதி, பெற்றோர் தினத்தன்று சுவரில் மாட்டுவது.

டீச்சர்தான் முந்திக்கொண்டார். பத்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் மைதா, அரைக் கிண்ணம் உப்பு, தண்ணீர் விட்டுப் பிசைந்து, வட்டமாகத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். "எங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் செய்யறது. வெறும் மாவு, உப்பு. சமையல்கட்டுச் சாமான். இதுல என்ன கெடுதல்?"

மேனேஜர் கிட்டே வந்து மாவை மோந்து பார்த்தார். நாக்கை நீட்டினார்.

மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. குரல் உயரவில்லை. ஆனால் டீச்சரின் கை தானாகவே மாவைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டது.

"மேனேஜர், எங்கக்காகிட்ட சொல்லுங்க. அவ்வளவு உப்பு உங்க உடம்பு தாங்காதுன்னு. ஸ்கூல் பசங்க மாவைத் தின்னா அவங்கம்மா சண்டைக்கு வருவாங்க. உங்களுக்கு நாளைக்கு ஊசி போடப்போற டாக்டர் சண்டைக்கு வருவாரு."

"எங்கிட்ட நேரா பேசேன்டி. நான் உங்கூடச் சண்டை போடலையே."

"பழக்கதோஷம்க்கா."

மாவு ஜன்னல் மேடைக்கு மேலே, மூடிய டப்பாவுக்குள் போனது. டீச்சர் கை கழுவப் போகும் வழியில் கணவரின் காதைப் பார்த்தார். "அந்தப் பென்சிலைத் தின்னாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? தினமும் உங்க மேசைக்கடியில மரத்தூள் பெருக்குறேன். எலி இருக்கற வீடு மாதிரி இருக்கு."

"மேனேஜர் இருக்கற வீட்ல எலி எங்க வரும்?"

"அதான் சொல்றேன். எலி வேலையை நீங்க பாக்குறீங்க."

*

அச்சகத்துக்காரர் முன்னறைக்குப் போனார். அவருக்குள் தொழில்காரனின் சந்தோஷம் ஒன்று கிளம்பியிருந்தது. இருபத்தெட்டு வருடமாக யார் யாருடைய கல்யாணத்தையோ அச்சடித்திருக்கிறார். மேனேஜருக்காக அச்சடிப்பது இதுவே முதல் தடவை.

இயந்திர மையைத் தொடவே இல்லை. அது மண்ணெண்ணெய் போட்டால்தான் போகும். பூனை மேல் மண்ணெண்ணெய் படக்கூடாது, பட்டதை அது நக்கவும் கூடாது. அந்த அளவுக்கு அவருக்கே தெரியும். ரப்பர் ஸ்டாம்புக்குப் போடும் தண்ணீர் மையை எடுத்தார். மெல்லிய பிளாஸ்டிக் தாளின் ஒரு பக்கத்தில் உருளையால் ஒரே ஒரு இழுப்பு. அழுத்தினால் ஒட்ட வேண்டும், அழுத்தாவிட்டால் ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவம் அவர் விரலுக்குத்தான் தெரியும். மைப் பக்கத்தைக் கீழே திருப்பித் தடித்த வெள்ளை அட்டையின் மேல் வைத்தார். நாலு ஓரமும் டேப் ஒட்டி அடைத்தார். இப்போது மை உள்ளே, பூனை வெளியே.

டீச்சர் விரலால் மேலே தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"பரவாயில்லையே."

"ஒரு சொட்டு அவர் மேல படாது" என்றார் அச்சகத்துக்காரர். பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பாமல், சத்தமாக, "மேனேஜர், உங்க சித்திகிட்டயும் சொல்லுங்க. பிடிக்கறதில்ல, அமுக்கறதில்ல. நீங்க பாட்டுக்கு நடக்கலாம்."

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் வாசற்படியிலிருந்து மேசைக்கடியில் இருக்கும் தன் ஆபீஸுக்குப் போவார். அந்தப் பாதையில் அட்டையை விரித்துவைத்தார். பன்னிரண்டு ஐந்துக்கு மேனேஜர் வந்தார். அட்டையைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு போனார். பிறகு, தன் எல்லைக்குள் தனக்குத் தெரியாமல் ஒரு பொருள் வரக் கூடாது என்ற கொள்கைப்படி திரும்பி வந்து, அதன் மேல் ஏறி, நிதானமாகக் குறுக்கே நடந்து இறங்கினார்.

அச்சகத்துக்காரர் டேப்பைக் கிழித்துப் பிளாஸ்டிக்கைத் தூக்கினார்.

வெள்ளை அட்டையில் கருநீலத்தில் பாதங்கள். நடுவில் ஒரு திண்டு, மேலே நாலு விரல். ஒவ்வொன்றும் அப்படித் தெளிவாக விழுந்திருந்தது. இடது முன்னங்கால், இடது பின்னங்கால், வலது பின்னங்கால். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். வலது முன்னங்கால் விழ வேண்டிய இடத்தில், நிழலைத் தொட்டுத் துடைத்த மாதிரி, ஒரு மங்கல்.

மறுபடி பார்த்தார். மேனேஜர் நாலு தடவை அந்தக் காலை ஊன்றியிருக்க வேண்டும். நாலு இடத்திலும் அதே மங்கல்.

வலிக்கிற கால் தரையை அழுத்துவதில்லை. அழுத்தாதது அச்சில் விழாது. தன் தொழிலின் முதல் பாடம் அது, தனக்கே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். மூன்று காலும் எப்போதும் இருக்கப்போகிற கால்கள். நாளைக்குப் போகப்போகிற கால் மட்டும் தாளில் இல்லை.

"அவர் ஏற்கனவே மூணு கால்லதான் நடக்குறார்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "நமக்குத்தான் தெரியல."

டீச்சர் அட்டையை வாங்கி மேசைமேல் வைத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்.

எப்போது கீழே வந்தாள் என்று தெரியவில்லை, கொழுந்தியாள் வாசலில் நின்றிருந்தாள். அட்டையைப் பார்த்தாள். மூன்று பாதங்களையும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"மேனேஜர், லேப் சாவி எங்கிட்டதான் இருக்கு. ஒரு மணி நேரத்துல வரேன். நீங்க சாப்பிட்டு நல்லாத் தூங்குங்க. தூக்கக் கலக்கத்துலதான் நீங்க மனுஷங்களை மதிப்பீங்க."

போகும்போதே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டதைத் தெருமுனைவரை எல்லோரும் கேட்டார்கள். தோல் மேலாகக் கிழியாமல் இருந்தால் சரி, ஒரு நிமிடம்தான், முடிந்ததும் கழுவித் துடைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னதும் அப்படித்தான் கேட்டது.

*

அவள் கொண்டுவந்தது ஒரு சின்ன டப்பா.

"என்னடி இது?" என்றார் டீச்சர்.

"பல் அச்சு எடுக்கற பவுடர். கடற்பாசியிலிருந்து எடுக்கறது. மனுஷங்க வாய்க்குள்ளயே வைக்கறோம். ஆனா லேப்ல இருக்கறது எல்லாம் புதினா வாசனை போட்டது. பூனைக்கு அந்த எண்ணெய் ஆகாது. புதினா வாடைக்கே குமட்டுற பேஷன்ட் ஒருத்தர் இருக்காரு, அவருக்காகன்னு வாசனை இல்லாதது ஒரு டப்பா வாங்கி வச்சிருந்தேன். அதைத் தேடித்தான் இவ்வளவு நேரம்."

"சுண்ணாம்பு மாதிரி பிளாஸ்டர் ஊத்துவீங்களே, அது?"

"அது இறுகும்போது சுடும்க்கா. உயிரோட இருக்கற காலை அதுல வைக்கவே கூடாது. இந்தக் குழியில அப்புறமா ஊத்தலாம், அவர் தூங்கப் போனதுக்குப் பிறகு."

இரண்டரை மணி. மேனேஜர் சாப்பிட்டுவிட்டு டீச்சர் மடியில் பாதித் தூக்கத்தில் இருந்தார். மகள் குழந்தையாக இருந்தபோது சாப்பிட்ட சின்ன எவர்சில்வர் கிண்ணம் வந்தது. காலைப் பிடிக்க ஆள் வேண்டும். டீச்சரின் இரண்டு கையும் மடியில் மாட்டியிருந்தன. மிச்சம் இருந்தது ஒருவர்.

கொழுந்தியாள் பூனையைப் பார்த்துச் சொன்னாள். "மேனேஜர், அச்சகத்துக்காரர்கிட்ட சொல்லுங்க. முழங்கைக்கு மேல ரெண்டு விரலால தாங்கினாப் போதும். நீங்க இழுத்தா அவர் விட்டுடணும். இழுத்துப் பிடிக்கற வேலை கிடையாது."

"மேனேஜர், எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்க."

மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து மூடினார். தகவல் இரு தரப்புக்கும் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அச்சகத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்பது வாரமாகப் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்த கையைத்தான் பார்த்தார். முதலில் ஈரத் துணியால் அந்தப் பாதத்தைத் துடைத்தாள். துடைத்தாள் என்பதுகூடத் தப்பு, தொட்டுத் தொட்டு எடுத்தாள். விரலிடுக்கு மயிரை வெட்டவில்லை, தண்ணீரில் படியவைத்தாள். கிண்ணத்தில் பவுடரைக் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டாள். "சூடு கொஞ்சம் இருந்தா சீக்கிரம் இறுகும், அவருக்குக் காத்திருக்கற குணம் கிடையாது." கரண்டியைக் கிண்ணத்தின் சுவரோடு வைத்துத் தேய்த்துக் கலக்கினாள். ஒரு குமிழி எழவில்லை. மாவு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

"இது வெளுத்தா எடுத்துடணும்."

கிண்ணத்தைப் பாதத்துக்குக் கீழே கொண்டுவந்தாள். பாதத்தைக் கிண்ணத்துக்குள் அமுக்கவில்லை. கிண்ணத்தைப் பாதத்தை நோக்கி மெல்ல உயர்த்தினாள். அழுத்தத் தெரியாத காலுக்கு அழுத்தாமலே அச்சு. மாவு தானாக எழும்பி விரல்களுக்கு இடையே போய் உட்கார்ந்தது.

மேனேஜரின் காது ஒருமுறை திரும்பியது. மூச்சு சீராக இருந்தது.

இயந்திரத்துக்கு முன்னால் இருபத்தெட்டு வருடம் நின்றவருக்குத் தெரியும், வேலை தெரிந்த கை எது என்று. அந்தக் கையில் பதற்றமும் இல்லை, பெருமையும் இல்லை. எதிரில் இருப்பது எந்த அளவுக்குத் தாங்கும் என்ற கணக்கு மட்டும் இருந்தது. இந்தக் கை செய்த பல்லைப் பார்த்தா அப்படிச் சொன்னோம் என்று தோன்றியது. தோன்றியதை முழுங்கினார்.

கத்தரிப்பூ ரோஜாவாகி, ரோஜா வெள்ளையானது.

"இப்ப."

கிண்ணம் இறங்கியது. பாதம் வெளியே வந்தது. உடனே அவள் தண்ணீரில் அலசித் துண்டால் ஒற்றினாள், டீச்சர் ஒரு மீன் துண்டைக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம். மேனேஜர் மீனைத் தின்றுவிட்டு, இந்தக் கூட்டம் எதற்குக் கூட்டப்பட்டது என்று புரியாத அதிகாரி மாதிரி எல்லோரையும் பார்த்துவிட்டு, மேசைக்கடியில் போய்ப் படுத்தார்.

*

கிண்ணம் அச்சகத்துக்காரரின் மேசைக்கு வந்தது, வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்பதால்.

வெள்ளை ரப்பர் மாதிரிப் பொருளில் ஒரு பாதத்தின் குழி. திண்டின் சொரசொரப்பு, தோல் வரி, ஒரு மயிர் படிந்த கோடு, எல்லாம் இருந்தது. மேனேஜரின் கடைசி விரலில் ஒரு நகம் பக்கவாட்டில் வளைந்திருக்கும். அந்த வளைவும் அப்படியே இருந்தது.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மேசைக்கடியில் குனிந்தார்.

"மேனேஜர், உங்க சித்திகிட்டச் சொல்லுங்க. வளைஞ்ச நகத்தை வளைஞ்சபடியே எடுத்திருக்காங்க. எல்லாத்தையும் நேராக்கியே தீரணும்னு ஒண்ணும் இல்லபோல."

பதில் மேலிருந்து வந்தது. "மேனேஜர், அவர்கிட்ட சொல்லுங்க. அச்சு இருந்தா வளைஞ்சதை வளைஞ்சபடி செய்யலாம். உடைஞ்சு குப்பையில போன பல்லுக்கு எங்கிட்ட அச்சு ஏது? வாயைத் திறந்து ஃபோட்டோகூட எடுத்துக்காத மனுஷன் அவர்."

நியாயம்தான். இதுவரை அவருக்கு அது தோன்றவே இல்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பின்பக்கத்தை வாயில் வைத்துக்கொண்டார். மூடின வாய்க்கு உள்ளே பல் இல்லாத இடத்தில் பென்சில் போய் உட்கார்ந்தது. கொழுந்தியாள் அந்தப் பென்சிலையே ஒரு கணம் பார்த்தாள்.

பேச்சை மாற்றுவதற்காக, அச்சின் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்க்கும் லென்ஸை எடுத்துக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

மற்றவர்களுக்குக் குழி குழியாகத்தான் தெரியும். அவர் எழுத்துகளைத் தலைகீழாக, இடவலம் மாறி, பள்ளத்தை மேடாகப் படித்தே வளர்ந்தவர். திண்டைப் படித்தார். முதல் விரலைப் படித்தார். இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவே நிறுத்தினார். பிழை திருத்துகிறவரின் கை அது, தானாகப் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் வட்டம் போடப் போனது.

"இங்க ஒரு எழுத்து கூட இருக்கு."

"என்ன?"

"நடுவுல. ஊசி மாதிரி ஒண்ணு மேல எழும்பி நிக்குது. பக்கத்து விரலிடுக்குல அப்படி இல்ல."

கொழுந்தியாள் லென்ஸை வாங்கிக் குனிந்தாள். பிறகு அசையவில்லை. விரலிடுக்கின் அடியாழத்தில், ஒரு நூல் கனத்தில், நுனி கூர்ந்து, வெள்ளையாக ஒரு முள் நின்றது.

"அச்சுல முள்ளு நின்னா அசல்ல குழி" என்றாள், மெதுவாக. "பல்லுல இப்படி நின்னா சொத்தைன்னு அர்த்தம். ஆழமான சொத்தை. அத்தனை மயிருக்கும் வீக்கத்துக்கும் நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. மாவு உள்ள போயிருக்கு. நுனி கூரா, முழுசா இருக்கு பாருங்க. மாவு பிஞ்சு உள்ள எதுவும் தங்கல. ஆனா கட்டியா இருந்தா எதுக்கு இப்படி ஒரு வாசல்?"

அவள் 'பாருங்க' என்றது பூனையிடம் இல்லை என்பதை அச்சகத்துக்காரர் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கையில் வந்து உட்கார்ந்த குருவியைப் பார்க்கிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டார்.

"ஃபோட்டோ எடு" என்றார். லென்ஸை அவர் பிடித்தார், போனை அவள் பிடித்தாள். டீச்சர் டார்ச் அடித்தார். ஆறு படம். எல்லாம் டாக்டருக்குப் போனது.

அதற்குள் அச்சு காய்ந்து சுருங்கிவிடக் கூடாதே என்று அவள் பிளாஸ்டரைக் கரைத்து, அந்த முள் முறியாமல் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் இறக்கினாள். முள் நின்ற இடம் பிளாஸ்டரில் ஓட்டையாக வரும். பாதம் தனக்குள் ஒளித்துவைத்திருந்ததை மகளின் நினைவுப் பொருள் வெளியே காட்டப்போகிறது.

*

நாலே முக்காலுக்கு டாக்டரே கூப்பிட்டார். டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"யாருங்க இதை எடுத்தது?"

"என் தங்கச்சி. கண்டுபிடிச்சது எங்க வீட்டுக்காரர்."

"நல்லா எடுத்திருக்காங்க. என்னை இவங்க கிட்டயே சேக்கல, தெரியும்ல. அஞ்சு மாசமா நான் பாக்காத இடம் அது." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். "இரும்பு, கல், அதெல்லாம் எக்ஸ்ரேல தெரிஞ்சிருக்கும். ஏதோ குத்தி உள்ளயே நின்னிருந்தா, அது எக்ஸ்ரேல தெரியாத பொருளா இருக்கணும். நாளைக்கு முதல்ல அந்த ஓட்டை வழியாத்தான் உள்ள போவேன். கால எடுக்கறதை அதுக்கப்புறம் பேசிக்கலாம். இப்பவே வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா காலையில இருந்ததைவிட இப்ப எனக்கு நம்பிக்கை அதிகம்."

டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் டாக்டர். "வீட்ல மரவேலை ஏதாவது நடந்துச்சா? எனக்கு மரச்சிராய்னுதான் தோணுது. கூரா, மெல்லிசா. இவங்க வழக்கமா எங்க படுப்பாங்க?"

"மரவேலை எல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் டீச்சர். "நாள் முழுக்க இவர் மேசைக்கடியிலதான் படுத்துக்கிட்டு..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

டாக்டர் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். மேசைக்கடியில் மேனேஜர் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

அச்சகத்துக்காரரின் கை காதுக்குப் போனது. பென்சில் அங்கேதான் இருந்தது. ஏழு மாதப் பென்சில், பல் உடைவதற்கு முந்தையது. அதன் பின்பக்கத்தை விரலால் தடவினார். ஒரு ஓரத்தில், நகத்தின் நீளத்துக்கு, சிராய் பெயர்ந்த வழவழப்பான பள்ளம் ஒன்று இருந்தது. அது எப்போது பெயர்ந்தது, எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. மெல்லுகிறவன் எங்கே கணக்கு வைக்கிறான்.

பள்ளத்துக்குப் பக்கத்தில் பல் தடங்கள் இருந்தன. ஆழமாக, வரிசையாக. அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்து.

கொழுந்தியாள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அத்தான், அந்தப் பென்சிலைக் குடுங்க."

ஒன்பது வாரத்துக்குப் பிறகு வந்த அத்தான். பல் லேப்காரியாக அந்தச் சாய்ந்த தடத்துக்காகக் கேட்கிறாளா, நாளைக்கு மேனேஜரின் காலுக்காகக் கேள்வி கேட்கப்போகிறவளாகக் கேட்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் அதே ஒரு பென்சில்தான் சாட்சி. இதைப் பூனையிடம் கொடுத்து அனுப்ப முடியாது.

காதிலிருந்து எடுத்தார். கடித்த பக்கத்தை அவள் பக்கம் திருப்பி, தானே அவள் கையில் வைத்தார்.